ஒரு டன் நிலக்கரியின் வரியைப் பின்தொடருங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் பல்கலைக்கழகப் பொருளியல் துறையில் அடுத்த பருவத்தில் இரண்டு நாள் கருத்தரங்கு நடத்த முடிவாகியிருக்கிறது. தலைப்பு, ‘பொது நிதியியலிலும் சுற்றுச்சூழல் பொருளியலிலும் கூட்டு ஆய்வு’. ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எங்கள் துறையில் வரி, பட்ஜெட், நிதிக்குழு என்று ஆய்வு செய்பவர்கள் ஒரு பக்கம். தாமிரபரணி மாசு, மீன்வளம், காடு என்று ஆய்வு செய்பவர்கள் இன்னொரு பக்கம். இதற்குமுன் நடந்த கருத்தரங்குகளில் அவரவர் கட்டுரையை அவரவர் வாசித்தார்கள், கைதட்டினோம், கலைந்தோம். இம்முறை உண்மையிலேயே சேர்ந்து ஆய்வு செய்ய ஒரு வழி பிறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் மூத்த பேராசிரியர் ஒருவர், “மாசு வரி இரண்டு பாடநூலிலும்தான் இருக்கிறது. இதில் சேர்ந்து செய்யப் புதிதாக என்ன இருக்கிறது?” என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? பெரிய நிதி உதவியோ தரவு வசதியோ இல்லாத எங்களைப் போன்ற துறை எதைக் கையிலெடுக்கலாம்? யாரை அழைக்கலாம்?
- பொருளியல் உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: உங்கள் மூத்த பேராசிரியர் சொன்னதில் பாதி சரி. இரண்டு துறைக்கும் மூலவர் ஒருவரே. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஏ.சி. பிகூ 1920-இல் எழுதிய நலப் பொருளியல் நூலில்தான், ஒருவர் செய்யும் தொழிலின் கேடு இன்னொருவர் தலையில் விழுந்தால் அந்தக் கேட்டின் அளவுக்கு வரி போடலாம் என்ற கருத்து தெளிவான வடிவம் பெற்றது. அதே பிகூ 1928-இல் பொது நிதியியலுக்கென்று தனியாக ஒரு நூல் எழுதினார். அவருக்கு அவை இரண்டு துறைகளாகத் தோன்றியிருக்காது.

பிறகு வந்தவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சுற்றுச்சூழல் பொருளியலாளர் புகையின் கேட்டை அளந்தார். ஒரு டன்னுக்கு இவ்வளவு வரி என்று கணக்கிட்டுச் சொன்னார். அதோடு அவர் வேலை முடிந்தது. பொது நிதியியலாளர் வரியை எடுத்துக்கொண்டார்: யார் கட்டுகிறார்கள், சுமை உண்மையில் யார் மேல் இறங்குகிறது, எந்த அரசின் கஜானாவுக்குப் போகிறது, அங்கிருந்து எதற்குச் செலவாகிறது? அந்த வரி முதலில் எதற்காகப் போடப்பட்டது என்பது அவர் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை. இருவருமே தத்தம் அளவில் சரியான விடை தருகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விடை மாறுகிறது.

எப்படி மாறுகிறது என்பதற்குப் பாடநூலிலேயே ஓர் உதாரணம் உண்டு. மாசு வரி போட்டு, வந்த பணத்தைக் கொண்டு வருமான வரியைக் குறைத்தால் சுற்றுச்சூழலுக்கும் நல்லது, பொருளாதாரத்துக்கும் நல்லது, ஆக இரட்டை ஆதாயம் என்று டேவிட் பியர்ஸ் 1991-இல் எழுதினார். கேட்க இனிமையான வாதம். 1994-இல் போவன்பெர்க், டி மூய் என்ற இரண்டு டச்சுப் பொருளியலாளர்கள் பொது நிதியியலின் கருவிகளை வைத்து அதைச் சோதித்தார்கள். மாசு வரி விலைவாசியை ஏற்றும். விலை ஏறினால் கூலியின் வாங்கும் சக்தி குறையும். ஆகவே அந்த வரியே உழைப்பின் மீது விழும் இன்னொரு வரியாகிவிடுகிறது. ஏற்கெனவே உழைப்பின் மீது வரி இருக்கும் நாட்டில் மாசு வரியின் சரியான அளவு பிகூ சொன்னதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று காட்டினார்கள்.

ஆனால் இந்த முடிவை நம் நாட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வருமான வரி வலைக்குள்ளேயே இல்லாத நாடு இது. கணக்கில் வராத தொழிலையும் நிலக்கரி மீதான வரி மின்கட்டணம், செங்கல் விலை வழியாக எட்டிப் பிடிக்கும். அப்போது கணக்கு எந்தப் பக்கம் சாயும்? முறைசாராத் தொழிலை அறிந்த பொது நிதியியலாளரும் நிலக்கரியை அறிந்த சுற்றுச்சூழல் பொருளியலாளரும் ஒரே மேசையில் உட்காராமல் இதற்கு விடை கிடைக்காது. மூத்த பேராசிரியரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

இனி, எதைக் கையிலெடுப்பது என்ற கேள்வி. தலைப்பை இவ்வளவு அகலமாக விட்டால் பழைய கதைதான் நடக்கும். நாற்பது கட்டுரை வரும், ஒன்றோடொன்று பேசாது. பொருள் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். நான் சொல்வது நிலக்கரி வரி. நீங்கள் இருப்பது திருநெல்வேலி. ஒரு மணி நேரப் பயணத்தில் தூத்துக்குடி. இந்த ஆய்வுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்த வரியின் வரலாறு. 2010-இல் மத்திய அரசு நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் செஸ் போட்டது. 2014-இல் அது 100 ஆனது, 2015-இல் 200, 2016-இல் 400. வளரும் நாடு ஒன்று தானாக முன்வந்து நிலக்கரிக்கு வரி போட்டதைச் சுற்றுச்சூழல் பொருளியலாளர்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். மகிழத்தக்க செய்திதான். பணம் போன வழியைப் பார்ப்போம். 2010-11 முதல் 2017-18 வரை வசூலான தொகை சுமார் 86,440 கோடி ரூபாய். அதில் தேசியத் தூய ஆற்றல் நிதியத்துக்கு மாற்றப்பட்டது சுமார் 29,645 கோடி. அந்த நிதியத்திலிருந்து திட்டங்களுக்குச் செலவானது சுமார் 15,911 கோடி. வசூலான ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய்கூட அதன் பெயருக்குரிய வேலைக்குப் போகவில்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த 400 ரூபாய் அப்படியே ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ் ஆனது. மாநிலங்களின் வருவாய் ஆண்டுக்கு 14 விழுக்காடு வளரும் என்று உறுதி கொடுத்திருந்தார்கள். அதில் விழும் துண்டை அடைக்கும் கணக்குக்கு அது போயிற்று. இதைத் தவறு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. பணம் எதற்குப் போனாலும், நிலக்கரி விலையில் அந்த 400 ரூபாய் இருந்தவரை அதற்கு ஒரு தடுக்கும் சக்தி இருந்தது. பிகூ கேட்டது அவ்வளவுதான். ஆனால் செஸ் என்பதால் நிதிக்குழு வழியாக மாநிலங்களுக்குப் பங்கிடும் தொகுப்பில் அது சேராது. நிலக்கரி எரியும் ஊரின் மாநிலத்துக்கு அதில் உரிமை கோர வழி இல்லாமல் போனது.

2025 செப்டம்பர் 22-இல் மறுபடியும் மாற்றம். நிலக்கரி மீதான இழப்பீட்டு செஸ் நீக்கப்பட்டது. ஜிஎஸ்டி 5 விழுக்காட்டிலிருந்து 18-க்கு உயர்ந்தது. வரி ஏறியதா இறங்கியதா என்று எந்த மாணவரிடமாவது கேட்டுப் பாருங்கள், ஏறியது என்பார். கணக்குப் போடுவோம். வரிக்கு முந்தைய விலை டன்னுக்கு 1,000 ரூபாய் என்றால், பழைய முறையில் 5 விழுக்காடு 50 ரூபாய், செஸ் 400, ஆக 450. புதிய முறையில் 180. வரி 270 ரூபாய் குறைந்துவிட்டது. விலை 5,000 ரூபாய் என்றால் பழைய வரி 650, புதிய வரி 900. 250 ரூபாய் கூடிவிட்டது. ஏற்ற இறக்கம் சமமாகும் விலை சுமார் 3,077 ரூபாய்.

எடைக்குப் போடும் வரி, மதிப்புக்குப் போடும் வரி என்று பொது நிதியியலில் இளங்கலை மாணவருக்கே சொல்லித் தருகிறோம். இங்கே அந்தப் பாடம் புகையோடு நேரடியாகச் சம்பந்தப்படுகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மலிவானது எது? சாம்பல் மிகுந்த, வெப்பம் குறைந்த தரம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதைத்தான் கூடுதலாக எரிக்க வேண்டும்; சாம்பல் குளத்தை நிரப்புவதும் அதுதான். புதிய முறையில் அதற்கு வரி குறைந்திருக்கிறது. வெப்பம் கூடிய, விலை உயர்ந்த நிலக்கரிக்கு வரி கூடியிருக்கிறது. இது மின் நிலையங்களின் கொள்முதலை மாற்றுகிறதா, மாற்றினால் எவ்வளவு என்பதே உங்கள் கருத்தரங்கின் நடுக்கேள்வியாக இருக்கலாம். செங்கல் சூளையும் சிமெண்ட் ஆலையும் சேர்ந்தால் கேள்வி இன்னும் விரியும். முதல் முறையே அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

இப்போது தூத்துக்குடிக்கு வருவோம். 1979 முதல் மின்சாரம் தரும் தூத்துக்குடி அனல் மின் நிலையம், தலா 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகளோடு கட்டப்பட்டது. அதற்கான நிலக்கரி ஒடிசாவின் தால்ச்சர் வட்டாரச் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலேறி தூத்துக்குடிக்கு வருகிறது. அந்த ஒரு டன்னோடு பயணம் செய்யுங்கள். சுரங்க வாயிலில் 14 விழுக்காடு ராயல்டி ஒடிசா அரசுக்கு. 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி, அதற்குமேல் ஒரு பங்கு மாவட்ட கனிம அறக்கட்டளைக்கு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், பள்ளி, மருத்துவம் போன்றவற்றுக்கான பணம் அது. பிறகு ஜிஎஸ்டி. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் மின் உற்பத்திக் கழகத்தால் இந்த வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ள முடியாது. முழுவதும் செலவாக நிற்கிறது. ஜிஎஸ்டி, நுகரும் மாநிலத்துக்குச் சேரும் வரி. ஆகவே மத்திய அரசின் பாதி போக மறுபாதி தமிழ்நாட்டுக் கருவூலத்துக்கு வரும். வரி கட்டும் கழகமோ தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமானது. அந்தச் செலவு மின் பகிர்மானக் கழகத்தின் கொள்முதல் விலையில் ஏறுகிறது. கட்டணத்தில் வசூலாகாத பகுதி நட்டமாகிறது. நட்டத்தை மாநில அரசு பட்ஜெட்டில் ஈடுகட்டுகிறது. உழவர்களுக்கான இலவச மின்சாரமும் இதே கணக்கில்தான் வந்து சேர்கிறது.

அப்படியானால் வரியின் சுமையைக் கடைசியில் சுமப்பது யார்? வீட்டுக்கு மின்கட்டணம் கட்டுபவரா, மில் நடத்துபவரா, பட்ஜெட்டில் வேறு ஏதோ திட்டத்தை இழந்தவரா? இந்த வழி முழுவதையும் ஒரு தாளில் வரைந்து காட்டினாலே அது நல்ல கட்டுரை. சுற்றுச்சூழல் பக்கத்திலிருந்து ஒரு கேள்வியையும் சேர்க்கச் சொல்வேன். நிலக்கரி தோண்டப்படும் அங்குல் மாவட்டத்துக்குக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. அதே நிலக்கரி எரிந்து சாம்பலாகும் தூத்துக்குடிக்கு, அந்த எரிப்பின் கேட்டுக்கென்று அப்படி எதுவும் இல்லை. சாம்பல் குளத்தருகே குடியிருப்பவரின் இழப்பு எவ்வளவு, அதற்கு எந்த வருவாயிலிருந்து ஈடு தரலாம்? இந்தக் கேள்வியின் முதல் பாதி ஒரு துறைக்கு, இரண்டாம் பாதி மற்றொன்றுக்கு. இதைத்தான் கூட்டு என்கிறேன்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. கோல் இந்தியா தன் நிலக்கரியின் தரவாரி விலையை வெளியிடுகிறது. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகளில் நிலையவாரி எரிபொருள் செலவு உண்டு. நிலையவாரியாக எவ்வளவு சாம்பல் வந்தது, எவ்வளவு பயன்பட்டது என்று மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் அறிக்கை தருகிறது. எரிசக்தித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் மானியக் கோரிக்கையும் சட்டமன்றத்தில் வைக்கப்படுபவை. நான்கையும் ஒரே அட்டவணையில் கோத்து வைத்துவிட்டால், அந்த அட்டவணைக்காகவே வெளியூர் ஆய்வாளர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

யாரை அழைப்பது என்று கேட்டீர்கள். ஆய்வாளர்களை விட்டுவிட்டு முதலில் கணக்கு வைத்திருப்பவர்களை அழையுங்கள் என்பேன். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளர், மின் உற்பத்திக் கழகத்தில் எரிபொருள் கணக்குப் பார்ப்பவர், மாநில வரி அலுவலர். அவர்கள் மேடையில் வாழ்த்துரை சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டாம். மேசையில் இரண்டு நாளும் இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்தியாவில் இத்துறையில் நடந்த மிகச் சிறந்த கூட்டு ஆய்வுகளில் அரசு அலுவலகமும் பங்காளியாக இருந்திருக்கிறது.

குஜராத்தில் ஆலைகளின் மாசை அளந்து அறிக்கை தரும் தணிக்கையாளரை அந்தந்த ஆலையே நியமித்து, ஆலையே கூலி கொடுத்துவந்தது. எஸ்தர் டஃப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய பொருளியலாளர்கள் அம்மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதி ஆலைகளுக்குத் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். கூலியை ஆலையிடமிருந்து அல்லாமல் ஒரு பொதுத் தொகுப்பிலிருந்து நிலையான தொகையாகக் கொடுத்தார்கள். அளவீடுகளில் சிலவற்றை மறுபடி அளந்து சரிபார்த்தார்கள். வரம்பை மீறிய மாசை வரம்புக்குள் இருப்பதாக எழுதும் பொய் அறிக்கை 80 விழுக்காடு குறைந்தது. அந்த ஆலைகள் மாசையும் குறைத்துக்கொண்டன. 2013-இல் இது கட்டுரையாக வெளிவந்தது. பின்னர் வாரியம் தன் தணிக்கை விதிகளை மாற்றியது. இதில் புகை அளக்கும் கருவி எதுவும் புதிதில்லை. கூலி வரும் வழியை மாற்றினார்கள், உண்மை வெளியே வந்தது. பொது நிதியியல் படித்தவர் சுற்றுச்சூழலுக்கு என்ன செய்ய முடியும் என்று உங்கள் மாணவர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள். அதே மாநிலத்தில் சூரத்தில் 2019-இல் தொடங்கிய மாசு அனுமதிச் சந்தையிலும் இவர்களில் சிலர் வாரியத்தோடு மீண்டும் கைகோத்தார்கள். நுண்துகள் மாசு 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்தது.

நம் ஊரில் முன்மாதிரி இல்லை என்றும் நினைக்க வேண்டாம். வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ராஜா செல்லையா, சென்னைப் பொருளியல் பள்ளி உருவாகக் காரணமானவர். அவரும் பால் அப்பாசாமி, யு. சங்கர், ரீட்டா பாண்டே ஆகியோரும் சேர்ந்து, மாசு தரும் பொருள்கள் மீதான சூழல் வரி பற்றி 2007-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். நிலக்கரி செஸ் வருவதற்கு மூன்றாண்டு முன்பே, எந்தப் பொருளுக்கு எந்த வகை வரி என்று பொருள்வாரியாக ஆராய்ந்த நூல். வரி அறிந்தவரும் மாசு அறிந்தவரும் சேர்ந்து எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று. கருத்தரங்குக்கு முன் உங்கள் இரு தரப்பும் அதை வாசித்துவிட்டு வரட்டும்.

காடு பற்றி ஆய்வு செய்பவர்கள் மனம் வருந்தக்கூடாது; அவர்களுக்கும் இடமுண்டு. 14-ஆவது நிதிக்குழு மத்திய வரியை மாநிலங்களுக்குப் பங்கிடும் சூத்திரத்தில் காட்டுப் பரப்புக்கு 7.5 விழுக்காடு எடை கொடுத்தது. 15-ஆவது குழு அதை 10 ஆக்கியது. நிபந்தனையற்ற பணம். மாநிலங்கள் அதைக் காட்டுக்குச் செலவிட்டனவா? ஆய்வாளர் ஜோனா புஷ்ஷும் அவரோடு சேர்ந்து எழுதியவர்களும் 14-ஆவது குழுவின் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தபோது, வனத்துறை ஒதுக்கீடு ரூபாய்க் கணக்கில் கூடியிருந்தது, மொத்த பட்ஜெட்டில் அதன் பங்கு குறைந்திருந்தது. களக்காடு முண்டந்துறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு வனப் பட்ஜெட்டை யாரும் இப்படிப் பார்க்காமல் இருப்பது எனக்கு வருத்தமே. அடுத்த ஆண்டுக் கருத்தரங்குக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிக் கட்டுரை வந்தால் மட்டும் இந்த ஆண்டே ஏற்றுக்கொள்ளுங்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் வழக்கில் சட்டமாக நிலைநிறுத்தியது. 2001-இல் இழப்பீட்டு ஆணையம் 29,000-க்கும் மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் நிர்ணயித்தது. சராசரியாகப் பார்த்தால், நிலமும் கிணறும் கெட்ட ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், நிலுவை இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று ஆணையிட்டது. மாசு செய்தவர் கொடுக்காதபோது வரி கட்டுபவர் கொடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. இழப்பை மதிப்பிட்ட முறையையும் வசூல் நடக்கும் விதத்தையும் ஒருசேர ஆராய்ந்து இருவர் எழுதினால், ஆற்றங்கரை உழவருக்கு அது கையில் பிடிக்கும் ஆயுதமாகும்.

நடத்தும் முறை பற்றிச் சுருக்கமாக. கட்டுரைகள் பத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். துணை கிடைக்காதவர்களுக்கு நீங்களே துணை தேடிக் கொடுங்கள். கட்டுரையை எழுதியவர் வாசிக்க வேண்டாம். மறு துறையைச் சேர்ந்த ஒருவர் அதை முன்கூட்டியே படித்து வந்து, தன் சொற்களில் பத்து நிமிடம் எடுத்துச் சொல்லட்டும். பிறகு எழுதியவர் பதில் சொல்லட்டும். எங்கே புரியவில்லையோ அங்கேதான் கூட்டு வேலை தொடங்க வேண்டும் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும், அட்டவணையைத் தொகுத்த ஆய்வு மாணவரின் பெயர் வருமா என்பதை முதல் நாளே பேசி எழுதிவைத்துவிடுங்கள். மாணவர் பெயர் கட்டாயம் வர வேண்டும் என்பது என் கருத்து. மாதக்கணக்கில் உட்கார்ந்து எண்களைக் கோப்பவர் அவரே.

அழைப்பிதழ் அச்சாகும் முன் ஒரு வேலை செய்ய வேண்டும். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மின் உற்பத்திக் கழகத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்த வாரமே மனு அனுப்புங்கள். பதிலுக்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள்; மேல்முறையீடு என்று போனால் இன்னும் நீளும். ஏன், எதற்கு என்று விளக்கம் கேட்க வேண்டாம். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத் தரத்தான் அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. 2024 ஏப்ரல் முதல் மாதவாரியாக வாங்கிய நிலக்கரியின் தரம், டன், விலை, கட்டிய வரி ஆகியவை அடங்கிய பதிவேட்டின் நகல் என்று கேளுங்கள். வரி மாறிய மாதத்துக்கு முன்னும் பின்னும் தரவு கையில் இருக்கும்.